பட்டுவுக்கு எண்ணெய்க் குளியல்

அந்த வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தாராவியில் ஒரு மாடி அறையின் குளிக்கும் மூலையைச் சுற்றி இருந்தவர்கள்:

விஜயராணி. வயது நாற்பத்தொன்று. மாட்டுங்காவில் நாலு வீட்டுச் சமையல், அன்றைக்கு லீவு.

பேச்சிராஜா. அவள் புருஷன். தோல்பை தைக்கிறவன். முதலாளி முகம்மது ஹனீப் வெள்ளிக்கிழமை பட்டறை திறப்பதில்லை, அதனால் வீட்டில் இருந்தான்.

செண்பகவல்லி என்கிற செண்பா. மகள். பதினாறு. பத்தாவது எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள்.

சஃப்ரீன். பக்கத்து அறை மருமகள். கூப்பிடாமலே வந்தவள்.

பட்டு. நாய். வயது இரண்டரை. இவர்கள் யாருக்கும் சொந்தமில்லை.

பட்டு நாகலக்ஷ்மியின் நாய். நாகலக்ஷ்மிக்கு ஐம்பத்தாறு வயது, இன்சூரன்ஸ் ஆபீஸில் பெரிய வேலை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாட்டுங்கா ஃப்ளாட்டில் அவளும் நாயும்தான். நாய் ஷிட்சூ ஜாதி. தலையிலிருந்து தரை வரைக்கும் மயிர். சும்மா நின்றால் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியாது. நடந்தால்தான் தெரியும். வாரம் ஒருமுறை செம்பூரிலிருந்து ஒரு பையன் பெட்டியோடு வந்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் அதைச் சீவிச் சிங்காரித்துவிட்டுப் போவான். சமைக்கிற கை என்பதால் விஜயராணி நாயைத் தொடுவதில்லை. அது நாகலக்ஷ்மி போட்ட சட்டம். விஜயராணிக்கும் அதில் ஒரு குறையும் இல்லை. இரண்டு வருஷமாகத் தினமும் அந்த நாயைப் பார்க்கிறாள் என்று பேர். பார்த்ததெல்லாம் மயிரைத்தான்.

மற்ற மூன்று வீட்டிலும் விஜயராணி வெறும் பாயி, அதாவது வேலைக்காரி. கிச்சனில் நின்றபடி டீ குடித்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். நாகலக்ஷ்மி வீட்டில் மட்டும் அவள் ராணி. சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் தமிழில் பேசிக்கொண்டே டீ குடிப்பார்கள். ஒன்பது வருஷமாக அப்படி. அந்த நாற்காலியை விஜயராணி யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டாள். அதைக் காப்பாற்ற அவள் ஒரே ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருந்தாள்: அவளுக்குப் படிக்கத் தெரியாது.

முதல் நாளே நாகலக்ஷ்மி மளிகைப் பட்டியலை நீட்டினாள். விஜயராணி வாங்கி, மேலிருந்து கீழே பார்த்து, தலையாட்டினாள். அவ்வளவுதான். மார்க்கெட்டில் நெல்லையப்பன் கடையில் சீட்டைக் கொடுத்தால் அவர் படித்துப் பொட்டலம் கட்டிவிடுவார். அவருக்கும் அது பெரிய விஷயமில்லை, தினம் நூறு சீட்டு வருகிறது. தாராவியிலேயே பிறந்தவள் விஜயராணி. முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் மூன்றாவது வரைக்கும் போனாள், பிறகு அம்மாவோடு பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள், கற்ற நாலு எழுத்தும் மறந்துபோயிற்று. பேச்சிராஜா படித்தது இந்திப் பள்ளிக்கூடம், அதுவும் நாலு வருஷம். செண்பாவுக்கு இங்கிலீஷ் தெரியும், இந்தி தெரியும், தமிழ் எழுத்தைக் காட்டினால், "எல்லாம் ஒரே வட்டமா இருக்கும்மா" என்பாள். வீட்டில் மூன்று பேர். மூன்று பேரும் சண்டை போடுவதும் சாமி கும்பிடுவதும் தமிழில். தமிழ் படிக்க ஒருத்தரும் கிடையாது.

மே மாதம் நாகலக்ஷ்மி அக்கா மகள் கல்யாணத்துக்குக் கும்பகோணம் கிளம்பினாள். அந்த நாலு நாளில் ஃப்ளாட்டைப் பூட்டிப் போட்டுக் கரையான் மருந்து அடிக்க ஏற்பாடு. செம்பூரில் நாயை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் விடுமுறைக் கூட்டம், இடமில்லை.

"ஏன்டி ராணி, நாலு நாள் உங்காத்துல வெச்சுக்கறியா? வேற யார்கிட்டயும் விட எனக்கு மனசு வரலை."

விஜயராணிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "கொண்டாங்கம்மா. எம்புள்ள மாதிரி பாத்துக்கிடுதேன்."

வியாழக்கிழமை மத்தியானம் நாகலக்ஷ்மி கூடையில் நாயையும், ஒரு பையில் அதன் தீனியையும், ஊசி போட்ட கார்டையும், மடித்த ஒரு காகிதத்தையும் கொடுத்தாள். காகிதத்தில் இரண்டு பக்கமும் நீல மையில் தமிழ். நெருக்கி நெருக்கி எழுதியிருந்தாள்.

"எல்லாம் எழுதியிருக்கேன். இப்பவே ஒரு தரம் படிச்சுடு. புரியலேன்னா கேளு."

விஜயராணி காகிதத்தை விரித்தாள். கண்ணை இடமிருந்து வலமாக, வரி வரியாக ஓட்டினாள். படிக்கிறவர்கள் ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார்கள் என்பது ஒன்பது வருஷத்தில் அவளுக்கு அத்துப்படி. நடுவில் ஓர் இடத்தில் புருவத்தைக் கூடத் தூக்கினாள். திருப்பினாள். முடித்தாள்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா."

நாகலக்ஷ்மி அவள் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தாள். ஏதோ கேட்க வந்த மாதிரி இருந்தது. கேட்கவில்லை. கீழே கார் வந்து ஹாரன் அடித்தது.

போகிற வழியில் நெல்லையப்பன் கடையில் காட்டியிருக்கலாம். கடையில் நல்ல கூட்டம். நாய்க்குப் போய் ஒரு சீட்டா, சோறு போட்டால் தின்கிறது, இதில் படிக்க என்ன இருக்கிறது என்று விஜயராணி காகிதத்தைக் கார்டோடு சேர்த்து மணிபர்ஸில் செருகிக்கொண்டு வந்துவிட்டாள்.

வந்த நாய் தூங்கவில்லை. தகரக் கூரை, மே மாதம், ஒரு ஃபேன். நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் விஜயராணி அதைத் தூக்கி மடியில் வைத்து, முகத்து மயிரை இரண்டு பக்கமும் ஒதுக்கினாள். ஒதுக்கியவள் கையை எடுத்துவிட்டாள்.

"எம்மா! ஏங்க, இங்க வாங்களேன். இதுக்குக் கண்ண பாத்தியளா?"

மயிருக்குள்ளே இரண்டு கண். நாய்க்கண் மாதிரியே இல்லை. உருண்டு, பெரிசாக, முகத்தைவிட்டுக் குதிக்கிற மாதிரி முன்னால் நின்றது. வெள்ளை சிவந்திருந்தது. மூக்கோரம் காப்பி நிறத்தில் பீளை வடிந்து காய்ந்து கிடந்தது.

பேச்சிராஜா குனிந்து பார்த்தான். "சைனா நாய்ட்டி. அப்படித்தான் இருக்கும்."

"சைனாவும் இல்ல கியினாவும் இல்ல. சூடு. ஒடம்பெல்லாம் சூடு. கண்ணு தெறிச்சு வெளிய வருது பாருங்க. இவ்வளவு முடிய வச்சுக்கிட்டு ஒரு பொட்டு எண்ணெ காட்டல அந்தம்மா."

"அதுக்கு?"

"எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டினா எல்லாம் எறங்கிரும். செண்பாவுக்குக் கண்ணு பொங்குனப்ப என்ன செஞ்சேன்?"

"அவ மனுசப் புள்ளட்டி."

"இதும் பொட்டப்புள்ளதான். இன்னைக்கு வெள்ளிக்கெழம. நாளும் சரியா இருக்கு."

செண்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எம்மா, சாம்பிராணியும் போடு. அப்பா, நீங்க பூ வாங்கிட்டு வாங்க. சடை போட்டுப் பூ வச்சிரலாம்."

பேச்சிராஜா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "கொஞ்சம் இரு, மாப்பிள வீட்டுக்காரனுக்கும் ஒரு போன் போட்டுருதேன்" என்றான்.

இப்படிச் சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார்கள்.

நல்லெண்ணெயில் இரண்டு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, மோரியில் பழைய துண்டை விரித்து நாயை உட்கார வைத்தாள் விஜயராணி. மோரி என்றால் அறை மூலையில் முழங்கால் உயரத்துக்குச் சுவர் கட்டிய சதுரம், குளிக்கிறதும் அங்கேதான், பாத்திரம் கழுவுகிறதும் அங்கேதான். உச்சியில் மூன்று சொட்டு வைத்து ஆரம்பித்து, கழுத்து, முதுகு, வயிறு, தொடை என்று எண்ணெய் இறங்க இறங்க மயிர் உடம்போடு ஒட்டியது. பெரிய நாய் சுருங்கிச் சுருங்கி எலியாகிக்கொண்டே வந்தது. செண்பா பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவுதானா இது? மடியில் பஞ்சு மூட்டை மாதிரி இருந்த நாய் ஒரு கைப்பிடி எலும்பு.

பட்டுவுக்கு எண்ணெய் பிடித்திருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். தலையை அவள் கையில் சாய்த்து, கண் சொக்கி, பின்காலை நீட்டிக்கொண்டது. சஃப்ரீன் வாசலில் நின்று, "அரே தேக்கோ, கைஸே மஸா லே ரஹி ஹை" என்று, அது சுகம் காண்கிற அழகைப் பார்த்துச் சிரித்தாள். அரை மணி ஊறட்டும் என்று விட்டார்கள்.

பிறகு சீயக்காய்.

கரைத்த சீயக்காயை விஜயராணி தாராளமாக அள்ளித் தலையில் போட்டாள். அது வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. அந்தக் கண்ணுக்கு மறைவு ஏது, இமை முழுசாக மூடுவதே கிடையாது. நாய் ஒரு கத்துக் கத்திற்று. ஒரு வீட்டு நாய் அப்படிக் கத்தி அவர்கள் கேட்டதில்லை. எண்ணெய் உடம்பு, கைக்கு அகப்படவில்லை. துள்ளி மோரிச் சுவரில் ஏறிற்று. செண்பா பின்காலைப் பிடித்தாள், வழுக்கியது.

"பிடிட்டி! கீழ விழுந்து காலு கையி ஒடிஞ்சுரும், பிடி!"

விஜயராணி கையை வீசிப் பிடரியைப் பிடித்தாள். கழுத்துக்குப் பின்னாலிருக்கும் தொளதொளத் தோலை, பூனையைத் தூக்குகிற மாதிரி, ஒரே கொத்தாக அள்ளி இறுக்கிப் பின்னால் இழுத்தாள். சந்தில் எத்தனையோ நாய்க்குட்டியை அப்படித் தூக்கி ஓரமாகப் போட்டிருக்கிறாள். ஒன்றும் ஆனதில்லை.

நாய் சட்டென்று அடங்கிவிட்டது.

"ம், இப்படித்தான் பிடிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே மறுகையால் குவளையை எடுத்தாள். அப்போது செண்பாவின் முகத்தைப் பார்த்தாள். செண்பா நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. 

விஜயராணி நாயைத் திருப்பினாள்.

இடது கண் வெளியே இருந்தது. குழிக்குள் இல்லை. இமைக்கு வெளியே, கன்னத்து மேலே, முழுசாக, உரித்த நுங்கு மாதிரி. பின்னால் சிவப்பாக ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கண் இன்னும் அவளைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

குவளை விழுந்தது. இன்னும் விளாவாத வெந்நீர் அவள் காலில்தான் கொட்டியது, அவளுக்குத் தெரியவில்லை. பிடித்த கையை விடலாமா கூடாதா என்றும் தெரியவில்லை. விட்டால் என்ன விழும்? பேச்சிராஜா எழுந்து நின்றான், பீடி விரலில் எரிந்துகொண்டிருந்தது. "என்னட்டி செஞ்ச," என்றான். அதையே மறுபடியும் சொன்னான். "என்னட்டி செஞ்ச."

"பிடிச்சேன்," என்றாள் விஜயராணி. "பிடிக்கத்தான செஞ்சேன்."

அந்த அறையில் புத்தியோடு இருந்தது சஃப்ரீன் ஒருத்திதான். அவள் செண்பாவின் போனைப் பிடுங்கித் தட்டினாள். இரண்டு நிமிஷம் படித்தாள். "அந்தர் மத் டக்கேல்னா. கீலா கப்டா. ஜல்தி ஹாஸ்பிடல்" என்று கத்தினாள். உள்ளே தள்ளக் கூடாது, ஈரத் துணி போட்டு மூடு, ஓடு. தன் தலைத் துப்பட்டாவையே குடிநீர்க் குடத்தில் முக்கிப் பிழிந்து நாயின் முகத்தில் போட்டாள்.

விஜயராணி நாயை மார்போடு அணைத்துக்கொண்டு ஏணிப்படியில் இறங்கினாள். புடவை முழுக்க எண்ணெயும் சீயக்காயும். பின்னால் பேச்சிராஜா. சந்து முனையில் ஆட்டோ ஓட்டும் தௌசீப் கேள்வி கேட்காமல் ஏற்றிக்கொண்டான். ஆனால் ஆட்டோ சயான் வரைக்கும்தான் போகும். அதற்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி இல்லை, மிருக ஆஸ்பத்திரி இருப்பதோ பரேலில். சயானில் இறங்கி டாக்ஸிக்கு நின்றார்கள். முதல் டாக்ஸி நாயைப் பார்த்துவிட்டுப் போயிற்று. இரண்டாவது டாக்ஸிக்காரன் நிறுத்தி, துணியின் கீழே என்ன என்று கேட்டான், பேச்சிராஜா ஓரத்தைத் தூக்கிக் காட்டினான், அவன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். மூன்றாவது ஒரு கிழவர். ஏறச் சொன்னார். வழியெல்லாம் வெள்ளிக்கிழமை நெரிசல். விஜயராணி பாட்டில் தண்ணீரைத் துணியில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தாள். நாய் கத்தவில்லை. நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்த நடுக்கம் அவள் விலா எலும்புக்குள் புகுந்து அவளும் நடுங்கினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு மராத்திப் பெண், சின்ன வயசு. துணியை விலக்கினாள், மூக்கைச் சுளித்தாள். "யே கியா லகாயா? தேல்?"

என்ன தடவினீர்கள், எண்ணெயா என்று கேட்டாள். ஆமாம் என்று பேச்சிராஜா இந்தியில் சொன்னான்.

"கழுத்தைப் பிடித்தது யார்?"

டாக்டர் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. விஜயராணி கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு மணி நேரம்."

டாக்டர் ஊசி போட்டாள். இதற்கு முன்னால் ஏதாவது மருந்து கொடுக்கிறீர்களா, கார்டு இருக்கா என்றாள். விஜயராணி இடுப்பில் செருகியிருந்த மணிபர்ஸைத் திறந்து உள்ளே இருந்ததை அப்படியே கொடுத்தாள். கார்டை டாக்டர் எடுத்துக்கொண்டாள். மடித்த காகிதத்தை விரித்துப் பார்த்துவிட்டு, நாயின் காலைப் பிடித்துக்கொண்டிருந்த உதவியாளனிடம் நீட்டினாள். "சேசுராஜ், யே துமாரா பாஷா ஹை நா? தேக்கோ, மெடிஸின் கா குச் லிக்கா ஹை கியா." உன் பாஷைதானே, மருந்து பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா பார் என்றாள்.

சேசுராஜ் தூத்துக்குடிக்காரன். கோபர்கைரனேயிலிருந்து தினம் ரயிலில் வருகிறவன். ஒரு கையால் நாயைப் பிடித்தபடி மறுகையில் காகிதத்தை வைத்துச் சத்தமாகவே படித்தான். ஆஸ்பத்திரியில் அவன் படித்த தமிழ் வேறு யாருக்கும் புரியப் போவதில்லை.

"'ராணிக்கு. முதலில் ஒன்று. இதைப் படிக்க உனக்குக் கஷ்டமாக இருந்தால் வெட்கப்படாதே. எனக்கு போன் பண்ணு, எல்லாவற்றையும் வாயால் சொல்லிவிடுகிறேன். உனக்குப் படிக்கத் தெரியாதோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். கேட்டால் சங்கடப்படுவாய் என்று கேட்கவில்லை.'"

சேசுராஜ் நிமிர்ந்து பார்த்தான். விஜயராணி அசையவில்லை.

"மேல படிங்க," என்றான் பேச்சிராஜா.

"'இரண்டாவது. பட்டுவின் கழுத்தைப் பிடிக்கவே கூடாது. பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கவோ இழுக்கவோ கூடாது. இந்த ஜாதி நாய்க்குக் கண் குழி ஆழம் கிடையாது. இழுத்தால் கண் வெளியே வந்துவிடும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வந்துவிடும். மூன்றாவது, குளிப்பாட்டாதே. நாலு நாள் அழுக்காக இருந்தால் பரவாயில்லை. கண்ணில் பீளை வரும், அது எப்போதும் வருவதுதான், ஈரப் பஞ்சால் துடைத்தால் போதும்...'"

"போதும்," என்றாள் விஜயராணி.

மருந்து ஒன்றும் எழுதவில்லை என்று சேசுராஜ் டாக்டரிடம் சொன்னான். பிறகு கொஞ்சம் தாமதித்து, தமிழில், தாழ்ந்த குரலில் கேட்டான். "அக்கா, இது உங்க கையிலதான் இருந்துச்சா? நேத்துலருந்தா?"

விஜயராணி சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. யாரோ பொடனியில் அறைந்த மாதிரி ஒரு ரீங்காரம் மட்டும் காதுக்குள் கேட்டது. மறைத்து வைத்திருந்தது மறைவாக இல்லை. ஒன்பது வருஷமாகக் கண்ணை வரி வரியாக ஓட்டியதை எதிரில் உட்கார்ந்து ஒருத்தி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள், டீ குடித்துக்கொண்டு. நேற்றுப் புருவத்தைத் தூக்கினாளே, அதையும்.

டாக்டர் வந்தாள். பின்னாலிருக்கும் தசை அறுந்துவிட்டது, கண்ணை உள்ளே வைத்துத் தைத்தாலும் அழுகும், எடுத்துவிட வேண்டும், வலது கண்ணிலும் புண், அதைக் காப்பாற்றப் பார்க்கலாம். நாய்க்குச் சொந்தக்காரர் சம்மதம் சொல்ல வேண்டும். போன் போடுங்கள்.

பேச்சிராஜா பெண்டாட்டியை ஓரமாக இழுத்தான். "இந்தா பாரு. தெருநாய் கடிச்சுட்டுன்னு சொல்லு. வாசல்ல நின்னுச்சு, பாஞ்சு கடிச்சிட்டு. யாரு பாத்தா? சொல்லுட்டி. அந்த வீடு போச்சுன்னா அவ மத்த மூணு வீட்லயும் சொல்லுவா."

"லெட்டருல எழுதியிருக்கே."

"நீதான் படிக்கலையே!"

"அத யாருகிட்ட சொல்லுவீக?" என்றாள் விஜயராணி. "படிச்சேன்னு சொன்னா, படிச்சிட்டும் கழுத்தப் பிடிச்சவ. படிக்கலேன்னு சொன்னா, ஒம்பது வருசம் ஏமாத்துனவ. எத சொல்லட்டும்? நீங்க சொல்லுங்க."

 அவள் போன் போட்டாள். அந்தப் பக்கம் நாதஸ்வரச் சத்தம் கேட்டது. நாகலக்ஷ்மி உரத்த குரலில், "சொல்லு ராணி, பட்டு சாப்பிட்டுதா?" என்றாள்.

"அம்மா, நான் அதக் குளிப்பாட்டினேன். துள்ளுச்சுன்னு கழுத்தப் பிடிச்சேன். கண்ணு வெளிய வந்துட்டும்மா. ஆஸ்பத்திரியில இருக்கேன். எடுக்கணும்னு சொல்லுதாங்க. உங்ககிட்ட கேக்கணுமாம்."

நாதஸ்வரம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாகலக்ஷ்மி கூட்டத்தை விட்டு நகர்ந்து எங்கோ கதவைச் சாத்திக்கொண்டாள் போல, சத்தம் குறைந்தது.

"நான் எழுதிக் குடுத்தேனே," என்றாள். குரல் அவள் குரல் மாதிரியே இல்லை. "ரெண்டாவதா எழுதியிருந்தேனே."

"இப்பத்தாம்மா ஒருத்தரு படிச்சுச் சொன்னாரு."

போனில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. 

"டாக்டர்கிட்ட குடு," என்றாள் நாகலக்ஷ்மி.

கண்ணை எடுத்தார்கள். இரண்டு நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். விஜயராணி இரண்டு நாளும் மற்ற வீடுகளுக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தாள். உள்ளே விடவில்லை. அவள் குரல் கேட்டால் நாய் கூண்டின் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு மூத்திரம் விடுகிறது என்று சேசுராஜ் வந்து சொன்னான். "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. மிருகத்துக்கு யாருன்னு மட்டுந்தான் தெரியும், எதுக்குன்னு தெரியாது." ஞாயிற்றுக்கிழமை காலை நாகலக்ஷ்மி விமானத்தில் வந்து நேராக ஆஸ்பத்திரி போய் நாயைக் கூட்டிக்கொண்டு போனாள். சாயந்திரம் ஐந்து மணிக்கு விஜயராணி மாட்டுங்காவுக்குப் போனாள்.

நாகலக்ஷ்மி கதவைத் திறந்தாள். கல்யாணத்துக்குப் போட்ட மருதாணி கையில் இன்னும் சிவப்பாக இருந்தது. வீடெல்லாம் கரையான் மருந்து வாடை. உட்காரச் சொல்லவில்லை. கோபத்தில் அல்ல, தோன்றவில்லை.

பட்டு ஹாலில் நின்றது. எண்ணெயும் சீயக்காயும் சேர்ந்து கட்டி கட்டியாகச் சிக்குப் பிடித்திருந்ததால் உடம்பு முழுவதும் மழித்திருந்தார்கள். இளஞ்சிவப்புத் தோல், அங்கங்கே புள்ளி, குச்சிக் கால். கழுத்தைச் சுற்றி பிளாஸ்டிக் புனல். இடது கண் இருந்த இடத்தில் ஒரு தையல் கோடு. மற்ற கண் தனியாக, பெரிசாக, முழித்துக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாகத் தெரிந்த நாய் எங்கே போயிற்று, இது யார் வீட்டுப் பிராணி என்று விஜயராணி திகைத்து நின்றாள்.

"பட்டு," என்றாள்.

நாய் பின்னாலேயே நகர்ந்தது. புனல் மேஜைக்காலில் முட்டியது, மறுபடி நகர்ந்தது, சோபாவுக்கு அடியில் புக முடியாமல் புனல் தடுக்க, தலையை வெளியே வைத்துக்கொண்டு உடம்பை மட்டும் உள்ளே நெளித்தது. தரையில் ஈரம் பரவியது.

நாகலக்ஷ்மி துணி எடுத்துவந்து தானே துடைத்தாள். குனிந்தபடியே பேசினாள்.

"கேட்டேனே ராணி. புரிஞ்சுதான்னு. புரிஞ்சுதுன்னியே."

"சொன்னேம்மா."

"ஒரு போன். வழியில நெல்லையப்பன் கடையில நின்னு ஒரு நிமிஷம். இதுகூடவா முடியலை?"

"முடியும். செய்யல." விஜயராணி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஒண்ணு கேக்கட்டுமாம்மா? ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

நாகலக்ஷ்மி நிமிரவில்லை. "நாலஞ்சு வருஷமா. ஒரு நாள் சீட்டைத் தலைகீழா பிடிச்சிண்டிருந்தே."

"அன்னைக்கே கேட்டிருக்கலாமே."

"எப்படிடி கேக்கறது? மூஞ்சிக்கு நேரா, நோக்குப் படிக்கத் தெரியாதான்னா? நீ குறுகிப் போயிடுவியே."

"குறுகிப் போயிருப்பேன். ரெண்டு நாள் வேலைக்கு வந்திருக்க மாட்டேன். மூணாவது நாள் வந்திருப்பேன்." விஜயராணியின் குரல் உயர்ந்தது. இந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்ததே இல்லை. "இதுக்குக் கண்ணு இருந்திருக்கும்லா. படிக்கத் தெரியாதுன்னு தெரிஞ்சுக்கிட்டே, அவளுக்குப் படிக்கத் தெரியாதுன்னா போன் பண்ணுன்னு எழுதிக் குடுத்தீங்களேம்மா. என்னம்மா இது? எந்த ஊர்லம்மா இப்படிச் செய்வாங்க?"

நாகலக்ஷ்மி துணியைக் கையில் வைத்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தான் எழுதியதை அப்போதுதான் படித்த மாதிரி இருந்தாள்.

"எனக்குத் தோணவே இல்லை," என்றாள் கடைசியில். "கௌரவமா இருக்கட்டும்னு... தோணவே இல்லைடி."

 சோபாவுக்கடியில் நாய் இரைக்கிற சத்தம்.

"கண்ணுக்கு மூணு வேளை சொட்டு விடணும்," என்றாள் நாகலக்ஷ்மி. "நாளையிலேர்ந்து எனக்கு ஆபீஸ். செம்பூர்ப் பையன் வரேன்னிருக்கான்."

"நான் வாறேம்மா. சமையக்கட்டுல மட்டும் நிக்கேன். ஹாலுக்கு வர மாட்டேன்."

"உன் குரல் கேட்டாலே இப்படிப் பண்றது. பார்த்தியோன்னோ. சாப்பிடாது. புனலை முட்டிண்டே திரியும். தையல் பிரிஞ்சுடும், இருக்கிற கண்ணும் போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கா."

"கொஞ்ச நாள் கழிச்சு?"

நாகலக்ஷ்மி சோபாவைப் பார்த்தாள். அந்த ஒற்றைக் கண் விஜயராணியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வேண்டாம் ராணி."

திட்டியிருந்தால் விஜயராணி பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். திட்டவில்லை. விஜயராணி செருப்பை மாட்டிக்கொண்டாள். ஒரு செருப்பு சரியாக நுழையவில்லை, வெந்நீர் கொட்டிய காலில் கொப்புளம் உடைந்திருந்தது. குனிந்து சரிசெய்தாள். நாகலக்ஷ்மி எழுந்து வந்து கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஏதாவது சொல்வாள் என்று விஜயராணி ஒரு விநாடி நின்றாள். உள்ளே புனல் எதிலோ மோதியது. நாகலக்ஷ்மி திரும்பிப் பார்த்தாள்.

விஜயராணி வெளியே போனாள். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.